ஏறியவன் இறங்கிவர வேண்டும்

பேராக் மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங்கை நோக்கிச் செல்லும் சாலையில், ஒரு மேட்டின்மேல் முற்றுப்பெறாமல் நிற்கும் கெல்லி மாளிகையைக் காணவரும் பிரயாணிகள், அதைக் கட்டுவித்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் துரையின் சரித்திரத்தையும், 1926-ஆம் ஆண்டில் அவர் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்ததையும், அதனால் அந்த மாளிகை வாசம் செய்வாரின்றியே நின்றுபோனதையும் விருப்பத்தோடு கேட்டறிந்து, சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தச் சுவருக்குச் செங்கல் சுமந்தவர் யார், சாரத்தின்மேல் நின்று அதை அடுக்கியவர் யார் என்று வினவுகிறவர் அரிது. சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர் என்று வழிகாட்டி ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்.

ஆனால் மாளிகைக்குச் சற்றுத் தொலைவில், மரங்களுக்கிடையே, அந்தத் தொழிலாளரின் பொருட்டு எழுந்த மகா மாரியம்மன் கோவில் இன்றும் இருக்கிறது. 1918-ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் கோடிக்கணக்கான ஜனங்களை மாய்த்த ஸ்பானிய விஷக் காய்ச்சல், மாளிகை வேலை நடந்துகொண்டிருந்த கெல்லாஸ் தோட்டத்தையும் தீண்டி, தொழிலாளரில் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்கள் துரையிடம் சென்று, அம்மனுக்கு ஓர் ஆலயம் வேண்டும் என்று கேட்டார்கள், துரையும் இணங்கினார். கோவில் எழுந்தபின், தெய்வ உருவங்களுக்கு நடுவே, வெள்ளை உடுப்பும் தொப்பியும் தரித்த துரையின் உருவத்தையும் நன்றியின் சின்னமாக வைத்தார்கள். வியந்து பார்க்கத்தக்க சிலைதான் அது. எனினும் என் சிந்தையில் நிற்பது சிலையன்று. வேலைத்தலத்தில் மரணம் நடமாடியபோது, உழைப்பவன் வாய் திறந்து கேட்டான், வேலை கொடுத்தவன் செவிசாய்த்தான் என்ற அந்த ஒரு செய்கையே நிற்கிறது. அக்காலத்து மனிதர், தாம் அறிந்த மருந்தாகிய அம்மன் அருளை வேண்டினார்கள். இன்றைய தொழிலாளி கேட்க வேண்டியவை வேறு: விளிம்பில் ஒரு தடுப்புக் கம்பி, பள்ளத்தில் ஒரு முட்டுப்பலகை, மழை விடும்வரை ஒரு மணி நேர அவகாசம். ஆயினும் கேட்பதற்கு வேண்டிய துணிவும், கேட்டால் செவிசாய்க்கும் மனமும் அன்றுபோலவே இன்றும் அவசியமாயிருக்கின்றன. அவை இரண்டும் நம் கட்டடத் தலங்களில் அருகியிருக்கின்றன என்பதே நான் இங்கே சொல்லவந்த விஷயம்.

இந்த நாட்டில் தமிழன் கட்டுமானத் தொழிலுக்குப் புதியவனல்லன். மலாயாவின் முதல் இருப்புப்பாதை, 1885-ஆம் ஆண்டில் இதே பேராக் மாநிலத்தில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குத் திறக்கப்பட்டபோது, சதுப்பு நிலத்தை நிரப்பிய கைகளில் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட தொழிலாளரின் கைகளும் இருந்தன. அதன்பின் சாலைகள், பாலங்கள், தோட்டத்து லயங்கள் என்று எத்தனையோ எழுந்தன. எல்லாவற்றிலும் கொடியது, யுத்த காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தூரத்துக்கு, 1942-க்கும் 1943-க்கும் நடுவே, ஏறக்குறைய ஓராண்டில் கட்டிமுடித்த மரண ரயில்பாதை. பேராக் தோட்டங்களிலிருந்தும் ஆண்கள் அதற்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். லயத்துக்கு லயம் திரும்பிவராத ஒருவரின் பெயரைச் சொல்லி அழும் கிழவிகளை என் இளம் பிராயத்தில் நான் கண்டிருக்கிறேன். அந்தப் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டவர். அவர்களில் ஆயிரக்கணக்கானோருக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக மாண்ட ஆசியத் தொழிலாளருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை, ஒருவரும் ஒப்புக்கொள்ளும் கணக்குக்கூட இல்லை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு உலகின் மற்றொரு கோடியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1933-ல் தொடங்கி 1937-ல் முடிந்த கோல்டன் கேட் பாலத்தைக் கட்டியபோது, பாலத்தின் அடியில் நெடுக ஒரு பெரிய வலையைக் கட்டினார்கள். மேலிருந்து தவறி விழுந்தவர்களில் 19 பேரை அந்த வலை தாங்கிப் பிடித்தது. வேலை முடியும் தறுவாயில் ஒரு சாரம் அறுந்து, வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் பத்துப் பேர் மாண்டார்கள் என்பதும் உண்மையே. ஆனால் 19 மனிதர் உயிரோடு வீட்டுக்குப் போய்ச் சோறு உண்டார்கள். விழுகிறவனைத் தாங்கும் உபாயம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதனுக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் இன்று ஒருவன் தடுப்பில்லாத மாடியிலிருந்து விழுந்து சாகும்போது அதை விதியென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

நான் பிறந்து வளர்ந்த தோட்டம் இன்று இல்லை. ரப்பர் விலை சரிந்து, செம்பனை பரவி, பிறகு நிலத்தின் விலையே மரத்தின் விலையை மிஞ்சியபோது, கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. தோட்டத் துண்டாடலைக் கண்டு மனம் பதைத்து, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சிறுகச் சேர்த்த காசால் தோட்டங்களை வாங்கச் செய்த முயற்சி, எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றப் போதவில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் வரிசை அழைப்புக்கு நின்று, மங்கும் உளியுமாக நிரைக்குள் நுழைந்த ஜனங்கள், லயத்தை விட்டு வெளியேறி, எந்த வேலை கிடைத்தாலும் செய்யும் நிலைக்கு வந்தார்கள். அவர்களில் பலர் தாம் பால் வெட்டிய அதே மண்ணில் எழுந்த தாமான் குடியிருப்புகளுக்குக் கல் சுமக்கவும், கம்பி கட்டவும், பலகை அடிக்கவும் போனார்கள்.

எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் இருந்த ஒருவர், எனக்கு அண்ணன் முறை, அப்படிப் போனவர்களில் ஒருவர். பால்மரத்தில் அவருடைய கை ஒரு சாஸ்திரம். பட்டைக்கு அடியில் உள்ள மரத்தைக் காயப்படுத்தாமல் மெல்லிய சீவலாக எடுப்பார். சாரத்தில் அவர் ஏறியது நாற்பது வயதுக்கு மேல். யாரும் அவருக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. ஓர் இரவெல்லாம் மழை பெய்து விட்ட காலையில், "பலகை வழுக்குதுண்ணே, வெயில் வந்த பிறகு ஏறட்டுமா?" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டிருக்கிறார். "ஏறுனா ஏறு, இல்லாட்டி நாளைக்கு வராத" என்று பதில் வந்தது. ஏறினார். இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து, அதற்குப்பின் பல ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்து காலமானார். அவர் மனைவி மருந்து நாற்றமும் வறுமையும் சூழ்ந்த அந்த அறையில் ஒருநாளும் முகம் சுளித்ததை நான் பார்த்ததில்லை. அந்த மண்டோரை ஒரு துஷ்டனாக நான் நினைக்கவில்லை. அவனுக்கு மேலே ஒரு குத்தகையாளர், அவருக்கு மேலே ஒரு பெரிய குத்தகையாளர், அவருக்கும் மேலே ஒரு கெடு. அந்தக் கெடுவின் பாரம் முழுவதும் படிப்படியாக இறங்கிவந்து, கடைசியில் ஈரப்பலகையின்மேல் நின்ற மனிதனின் பாதத்தில் சேர்ந்தது.

பத்து மீட்டர் உயரம், அதாவது ஏறத்தாழ மூன்று மாடி, விழுவதற்கு ஒன்றரை விநாடிகூட ஆவதில்லை. தரையைத் தொடும்போது மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகம். 'ஐயோ' என்று முழுதாகச் சொல்லவும் அவகாசமில்லாத அந்த நேரத்துக்குள் சாமர்த்தியமோ அனுபவமோ ஒருவனைக் காப்பாற்ற இயலாது; காப்பாற்றக்கூடியதெல்லாம் அவன் ஏறுவதற்கு முன்பே அங்கே இருந்தாக வேண்டும். இடுப்பிலும் தோளிலும் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார்களை இப்போது பல இடங்களில் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வாரின் கொக்கியை மாட்டுவதற்கு உறுதியான ஓர் இடம் மேலே அமைக்கப்படாவிட்டால், அது வெறும் அலங்காரம். மாட்டியிருந்து விழுந்தவனைச் சில நிமிஷங்களுக்குள் கீழே இறக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், தொங்கிய நிலையிலேயே இரத்த ஓட்டம் தடைப்பட்டு அவன் பிராணன் போகவும் கூடும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் வாரை மட்டும் கையில் கொடுப்பது அரைகுறைக் காரியம்.

மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் கிந்தா மண் சாமானியமான மண்ணன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஈயத்துக்காகத் தோண்டிப் புரட்டப்பட்ட பூமி இது. ஒரு புறம் கழுவிக் கொட்டிய மணல், மறு புறம் ஆழத்தில் பாலேடுபோல் தளதளக்கும் சேறு, இடையிடையே தூர்க்கப்பட்ட குட்டைகள், இவை எல்லாவற்றுக்கும் அடியில் குகைகளும் பிளவுகளும் உள்ள சுண்ணாம்புப் பாறை. மேலே புல் முளைத்துவிட்டால் கண்ணுக்கு எல்லாம் ஒரே தரைதான். இத்தகைய நிலத்தில் வடிகாலுக்கோ அஸ்திவாரத்துக்கோ ஆளுயரப் பள்ளம் வெட்டி, பக்கங்களுக்கு முட்டுக்கொடுக்காமல் ஒருவனை உள்ளே இறக்குவது, அவனைப் புதைகுழிக்குள் இறக்குவதற்கு ஒப்பாகும். ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்கும் மேல் எடையுள்ளது. தலை வெளியே தெரிந்தாலும், மார்புவரை மண் மூடியவன் விலா எலும்பை விரித்து மூச்சு வாங்க முடியாமல் இறந்துபோவான். பழைய தோட்ட நிலத்தின் கதை வேறு. அங்கே மேட்டுச் சரிவை வெட்டித் தட்டையாக்குகிறார்கள். வேர்கள் பிடித்து வைத்திருந்த செம்மண், மரம் போனபின் பேராக்கின் பிற்பகல் பெருமழைக்குப் பிடிப்பின்றி நிற்கிறது. 1973-ல் ஈப்போவின் குனோங் சேரோ அடிவாரத்தில் பாறை பிளந்து வீழ்ந்து, வீடுகளில் இருந்த நாற்பது பேரளவில் மாண்டதை என் தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள்; அது கட்டட வேலையால் நேர்ந்ததன்று என்றாலும், இந்தப் பூமி எவ்வளவு ஜாக்கிரதையை நம்மிடம் கேட்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் பினாங்கின் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டடத்தலத்துச் சரிவு இடிந்து 11 பேரைப் புதைத்தது. 2023 நவம்பரில் அதே மாநிலத்தின் பத்து மாவூங்கில் கட்டிக்கொண்டிருந்த கிடங்கின் உத்தரங்கள் வீழ்ந்து வங்காளதேசத் தொழிலாளரை நசுக்கின.

இனிச் சட்டம். இந்நாட்டில் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தின் பூர்வோத்தரம் விசித்திரமானது. அது முதலில் மனிதனைக் குறித்துக் கவலைப்படவில்லை. ஈயச் சுரங்கங்களில் நீராவிக் கொதிகலன்கள் வெடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அதன் முதற் கருமம். சிலாங்கூர் 1892-ல் கொதிகலன் சட்டம் செய்தது. 1913-ல் இயந்திரச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப்பின் 1967-ல் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம். கட்டட வேலைக்கென்று தனி விதிகள் 1986-ல் எழுதப்பட்டன. 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்ட துயரம் நாட்டையே உலுக்கியது. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1994-ல், இயந்திரத்தை விட்டு மனிதனை நடுவில் வைத்துப் பேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் புதிய வடிவில் அமலில் இருக்கிறது. கடமை தவறிய முதலாளிக்கு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. வேலையைத் தொடங்குமுன் அபாயங்களை ஆராய்ந்து எழுதிவைப்பது கட்டாயம். குத்தகைக்கு வேலையை விடுகிறவரும் கைகழுவிவிட முடியாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது, அந்தத் திருத்தத்தில் வந்த 26-ஏ என்னும் பிரிவு. உடனடியான பேராபத்து இருக்கிறது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் உள்ள ஒரு தொழிலாளி, அதைத் தெரிவித்தும் முதலாளி பரிகாரம் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அவ்வாறு விலகியதற்காக அவனைத் துன்புறுத்தலாகாது. எங்கள் லயத்து அண்ணன் மழைக்காலைப் பொழுதில் கேட்டது இதைத்தான். அவர் பயந்து பயந்து கேட்ட கேள்வி இன்று இந்நாட்டின் சட்டமாகியிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை. அதனோடு கலந்துவந்த துக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை.

ஏனெனில் உரிமை புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பிரயோகிக்க வேண்டியவன் சாரத்தில் இருக்கிறான். இரண்டுக்கும் நடுவே குத்தகைச் சங்கிலி இருக்கிறது. இந்தச் சங்கிலி நமக்குப் பழக்கமானது. கங்காணி தன் ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்தான். தலைக்கு இவ்வளவு என்று காசு பெற்றான். வந்தவன் கப்பல் செலவுக்கும் அரிசிக்கும் அவனிடம் கடன்பட்டான். கடன்பட்டவன் வாய் திறக்க முடியாது. உதவி பெற்ற குடியேற்றத்தை 1938-ல் இந்திய அரசாங்கம் தடைசெய்தபோது அந்த முறை ஓய்ந்தது என்று எண்ணினோம். இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வரும் இளைஞன் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனோடு இறங்குகிறான், அவனுடைய வேலை அனுமதி ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, கொங்சி என்னும் தொழிலாளர் கொட்டகையில் பலகைத் தட்டியின் அடியில் படுத்துறங்குகிறான், நாட்கூலி. ஆபத்து என்று சொல்லி அவன் கீழே இறங்கினால், அன்றைய கூலி போகும். நாளை அனுமதியும் போகலாம். மேலும் அவனுக்கு விளக்கப்படும் பாதுகாப்புப் பாடம் அவனுக்குப் புரியாத பாஷையில் நடக்கிறது. இப்படிப்பட்டவனிடம் சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்வதில் என்ன பிரயோஜனம்? இதைத் தமிழர் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகளில் பலர் இன்று மேற்பார்வையாளராகவும், பாதுகாப்பு அதிகாரியாகவும், சிறு குத்தகையாளராகவும் அதே தலங்களில் நிற்கிறார்கள். தாத்தா நின்ற இடத்தில் இன்று ஒரு வங்காளி நிற்கிறான். மண்டோர் நின்ற இடத்தில் நாம் நிற்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

தொழிலாளரே அசட்டையானவர்கள், தலைக்கவசம் கொடுத்தால் கழற்றி வைக்கிறார்கள் என்று சொல்லும் குத்தகையாளர் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. வெயில் கொளுத்தும் நண்பகலில் பிளாஸ்டிக் கவசத்தின் உள்ளே தலை வேகிறது, கழற்றத்தான் தோன்றும். ஆகையினாலேயே, மனிதனின் கவனத்தை நம்பியிருக்கும் பாதுகாப்பைக் கடைசியாகவும், அவன் கவனம் தேவைப்படாத பாதுகாப்பை முதலாகவும் வைக்க வேண்டும் என்று இத்துறையில் தேர்ந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். விளிம்பில் கட்டிய கம்பிக்கு ஞாபகமறதி கிடையாது. தரையிலேயே பூட்டி, கிரேனால் தூக்கி வைக்கக்கூடிய கூரையை உயரத்தில் நின்று பூட்டச் சொல்லாத வரைபடக்காரர், ஒரு ரிங்கிட் செலவின்றிப் பல உயிரைக் காக்கிறார். கட்டடத்தை வரைகிறவருக்கும், கட்டச் சொல்கிறவருக்கும் இந்தப் பொறுப்பில் பங்கு உண்டு என்று 2017-ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி நூல் தெளிவாகவே எடுத்துரைத்தது. 2012-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்துக்காக லண்டனில் எழுப்பிய மைதான வளாகம் முழுவதும் ஒரே ஒரு தொழிலாளியின் உயிர்கூடப் போகாமல் கட்டி முடிக்கப்பட்டதற்கு, கட்டச் சொன்னவர்கள் முதல் நாளிலேயே அதை நிபந்தனையாக வைத்தது பெருங்காரணம்.

கட்டச் சொல்கிறவர் என்றதும் பெரிய கம்பெனிகளையும் சர்க்காரையுமே நினைக்கிறோம். நாமும் கட்டச் சொல்கிறவர்கள்தாம். பேராக்கில் தோட்டத்துக்கொரு மாரியம்மன் கோவில் இருந்தது. தோட்டங்கள் விலைபோனபின், பெயர்த்து வைக்கப்பட்டவை போக எஞ்சிய ஆலயங்களையெல்லாம் ஜனங்கள் மாதச் சந்தாவும் உண்டியல் காசும் சேர்த்துப் புதுப்பித்துவருகிறார்கள். பாலாலயம் செய்து, தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை அழைத்து, கோபுரத் திருப்பணி தொடங்குகிறது. பஞ்சாங்கம் பார்த்துக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, பத்திரிகை அச்சாகிவிட்டது, மந்திரிக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அழைப்பு போய்விட்டது. முகூர்த்தம் அசையாது. அசையக்கூடியது சிற்பியின் உறக்கமும் உணவு வேளையும்தான். ஆகவே கடைசி மாதத்தில், கோபுரத்தின் உச்சியில், மரக்கழிகளைக் கயிற்றால் பிணைத்த சாரத்தின்மேல், இரவில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, வார் இல்லை, வலை இல்லை, வர்ணப் பாத்திரத்தை ஒரு கையில் பிடித்தபடி அந்த இளைஞர்கள் வேலை செய்வதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் பார்த்திருக்கிறேன். கீழே நின்று கைகூப்பியவர்களில் நானும் ஒருவன். சாமி பார்த்துக்கொள்ளும் என்று பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார். நானும் அன்று தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பு இப்போது என்னை உறுத்துகிறது.

சாமியின் வேலைக்கு வந்தவன் அவன். தஞ்சையிலோ காரைக்குடியிலோ அவனுக்கு ஒரு தாய் இருக்கிறாள். முகூர்த்தம் அசையாது என்றால், வேலையை மூன்று மாதம் முன்கூட்டித் தொடங்கலாம். அல்லது திருப்பணி முடியும் தறுவாயில்தான் நாள் குறிப்பது என்று நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம். எஃகுக் குழாய்ச் சாரத்தைத் தகுதிபெற்றவரைக் கொண்டு கட்டுவிக்க ஆகும் வாடகை, திறப்பு விழாவின் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நெஞ்சை அடைக்கும் தொகையாகாது. தமிழ்ப்பள்ளிகளின் புதிய கட்டடங்களுக்கும், சங்க மண்டபங்களுக்கும் இதுவே பொருந்தும். அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புக் காப்பீடு உண்டு. அந்தச் சந்தாவைக் கட்டியிருக்கிறார்களா என்று குத்தகையாளரிடம் ரசீது கேட்பதற்கு ஒரு செயலாளருக்கு ஐந்து நிமிஷம் போதும்.

நம் பட்டணங்களில் வீடு வாங்குகிறவர்களும் ஒரு கேள்வி கேட்கலாம். முன்பணம் கட்டுமுன் தரைக்கல் என்ன நிறம், வாயில் எந்தத் திசை என்று நுணுக்கமாக விசாரிக்கிறோம். இந்தத் தலத்தில் யாராவது விழுந்தார்களா என்று விசாரிப்பவர் உண்டா? எந்த வீட்டின் அஸ்திவாரத்தில் ஒருவன் மண்மூடி மாண்டானோ, அந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுவதை நம் தாய்மார் அறிந்தால் ஒப்புவார்களா?

அபராதம் பத்து மடங்காகியிருக்கிறது. அதை விதிக்க வேண்டிய அதிகாரிகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். விபத்துக்குப்பின் வேலைநிறுத்த உத்தரவு ஒட்டுவதைவிட, விபத்துக்கு முன் ஒரு மழைநாளில் வந்து பார்ப்பதே அதிகாரிக்கு அழகு. ஆனால் எந்த அதிகாரியும் எல்லாச் சாரங்களையும் எல்லா நாளும் பார்த்துவிட முடியாது. பார்த்துக்கொண்டே இருப்பவன் அதன்மேல் நிற்பவன் ஒருவனே. அவனே சிறந்த பரிசோதகன். பலகையின் வழுக்கல் அவன் பாதத்துக்குத் தெரிகிறது. மண்ணில் விழுந்த முதல் வெடிப்பு அவன் கண்ணுக்குத் தெரிகிறது. முட்டுக்கால் முனகும் சத்தம் அவன் காதுக்குக் கேட்கிறது. ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை டன். அந்தப் பாரத்தைத் தாங்கும் முட்டு ஒன்று விலகுவதை முதலில் உணர்பவன், குளிர்ந்த அறையில் இருக்கும் பொறியாளர் அல்லர். அந்தத் தொழிலாளி நிறுத்து என்று சொல்லக் கூலியை இழக்க வேண்டியிருக்குமானால் அவன் சொல்லமாட்டான். அவன் சொல்லாவிட்டால், நாம் எழுதிவைத்த விதிகள் அனைத்தும் அந்தத் தலத்துக்கு வெளியேதான் நிற்கும்.

ஆகையால், நான் அங்கம் வகிக்கும் ஆலய நிர்வாகக் குழு வருகிற மாதம் மண்டபத் திருப்பணிக்கான குத்தகையில் கையெழுத்திடுமுன், அதில் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாவது: மழையின் பொருட்டோ, ஆபத்து என்று தொழிலாளி ஒருவர் சொன்னதன் பொருட்டோ வேலை நின்ற நாளுக்கும், அங்கே வந்திருந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய கூலி முழுவதும் கொடுக்கப்படும், அதை ஆலயம் ஏற்கும். இரண்டாவது: அவ்வாறு நின்ற நாட்கள் கெடுவில் சேர்த்துக்கொள்ளப்படமாட்டா. பொருளாளர் கணக்குப் பார்த்து, சென்ற ஆண்டின் மழைநாட்களைக் கொண்டு மதிப்பிட்டால் இது எவ்வளவு ஆகும் என்று சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். செலவு அதிகமானால் வாணவேடிக்கையை விட்டுவிடலாம் என்று குழுவில் இருக்கும் ஓர் அம்மாள் சொன்னார். அவர் தந்தையார் சயாமுக்குப் போனவர்.